பெயர் மாற்றப்பட்டுள்ளது

"அக்கா, மடலை எத்தனை குரூப்புல போட்டீய?"

போனில் கிளாட்வின். எப்போதும் ஒரு நையாண்டியோடுதான் பேச்சைத் தொடங்குவான். இன்று அது இல்லை.

சண்முகப்ரியா தூத்துக்குடியில் ஓர் அச்சகத்தில் நின்றுகொண்டிருந்தாள். எதிரே கணினித் திரையில் சனிக்கிழமைக் கூட்டத்தின் பேனர். 'உலக சமூகப்பணி தினம்' என்ற எழுத்துகளைச் சிவப்பில் போடுவதா, நீலத்தில் போடுவதா என்று அச்சகக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எல்லா குரூப்புலயும் போட்டாச்சு. பவுல் சார் 'அதிகம் பகிரவும்'னு வேற எழுதிட்டாரு. ஏன், எழுத்துப்பிழையா?"

"பிழைதான். எழுத்துல இல்ல." அவன் குரலைத் தாழ்த்தினான். "நாலாம் பக்கத்துல ஸ்டெல்லான்னு ஒரு பொம்பளையப் பத்தி எழுதிருக்கீயளே. அது மெட்டில்டாதானே?"

அதற்குச் சண்முகப்ரியா ஆம் என்று சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது. அவள் வேலை செய்யும் பெண்கள் உதவி மையத்தில் அடைக்கலம் தேடி வந்தவர்களின் பெயரைக் கணவனிடமும் சொல்லக் கூடாது, காவலரிடமும் கேட்டவுடன் சொல்லக் கூடாது. கிளாட்வின் வேறு அமைப்பு. மீனவர் சங்கங்களோடு வேலை செய்பவன். மெட்டில்டா இருக்கும் இடம் அவனுக்குத் தெரிய வழியே இல்லை.

"உனக்கு யாரு சொன்னா?"

"நீங்கதான். இப்போ, நாலாம் பக்கத்துல."

அச்சகக்காரர் சிவப்பையே தேர்ந்தெடுத்துக்கொண்டார். அவளைக் கேட்டுப் பயனில்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

மாவட்டச் சமூகப் பணியாளர் மன்றம் மாதந்தோறும் வெளியிடும் செய்திமடலின் பெயர் 'கரைக்குரல்'. ஆசிரியர் சண்முகப்ரியா. யாருக்கு எங்கே மாற்றல், எந்தக் கல்லூரியில் பயிற்சி, அடுத்த கூட்டம் எப்போது என்று வழக்கமாகச் செய்திகள் ஓடும். இந்த மாத மடல் அப்படியல்ல. சனிக்கிழமை கூட்டம் முடிந்ததும் மன்றத்தினர் எல்லோரும் ஊர்வலமாகப் போய் மனுக் கொடுக்கப் போகிறார்கள். தூத்துக்குடிக்கும் திருச்செந்தூருக்கும் இடையே அடிபட்டு வரும் பெண்கள் ஓர் இரவு தங்க ஒரு விடுதி வேண்டும். ஒப்பந்தத்தில் வேலை செய்யும் ஆலோசகர்களை ஆண்டுதோறும் வெளியே நிறுத்தி மறுபடி உள்ளே கூப்பிடும் வழக்கம் நிற்க வேண்டும். அந்த மனுவுக்கு உயிர் கொடுக்கத்தான் அவள் 'நம்பிக்கை முகம்' பகுதியை எழுதினாள். ஒரே மூச்சில் எழுதியது. எழுதி முடித்ததும் கண் கலங்கியது.

"எப்படிலே கண்டுபிடிச்ச?" என்றாள். "பேரை மாத்திட்டேன். ஊர்ப் பேரே போடல."

"வாசிக்கேன், கேளுங்க. 'கடலோரத்தில் பிறந்த ஸ்டெல்லா, அடைப்புக்குறிக்குள்ள பெயர் மாற்றப்பட்டுள்ளது, இன்று பனங்காட்டு ஊர் ஒன்றில் வலை ஊசியால் கருப்பட்டிப் பெட்டிக்கு வாய் தைக்கிறார்.' அக்கா, கருப்பட்டின்னா உடன்குடி. வலை ஊசியோட உடன்குடியில உக்காந்திருக்கிற பொம்பளை எத்தனை பேரு இருப்பா? தருவைகுளத்துல கிழிஞ்ச வலைன்னா மெட்டில்டாட்ட கொண்டுபோன்னுதான் சொல்லுவாங்க. எங்கம்மா கண்ணாடி போடாமலே வாசிச்சிட்டு, 'இது பெனிஸ்டன் பொண்டாட்டில்லா'ன்னா."

"உங்கம்மாவுக்கு எப்படி மடல் போச்சு?"

"எங்க கோயில் இளைஞர் குரூப்புக்கு வந்துட்டு. அதிகம் பகிரவும்னு போட்டா பகிரத்தான செய்வாங்க."

எழுதும்போது அவளுக்கு மிகவும் பிடித்திருந்த வரியே அந்த வலை ஊசி வரிதான். இப்போது அதே வரி நெஞ்சில் குத்தியது.

"பெனிஸ்டன் எங்க?"

"தங்குகடலுக்கு, நாள் கணக்குல மீன் புடிக்க. போயி நாளாச்சு. போட்டு இன்னிக்குச் சாயந்தரம் ஏலத்துக்குக் கரை வருதுன்னு சொல்லுதாங்க. கடலுக்குள்ள டவர் கிடையாது. கரை தட்டுனதும் எல்லாவனும் மொதல்ல தொறக்கது வாட்ஸ்அப்தான்."

அப்படியானால் மாலைவரை நேரம் இருக்கிறது.

வெளியே வந்து வண்டியை எடுப்பதற்குள் அவள் தான் போட்ட குழுக்களிலிருந்தெல்லாம் மடலை நீக்கினாள். அந்தக் காரியத்தின் பயன் அவளுக்கே தெரியும். கொட்டிய உப்பை விரலால் அள்ளுவதுபோல. அடுத்து மன்றத் தலைவர் பவுல் சார் கூப்பிட்டார். ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர். நல்லவர், ஆனால் இப்போது எதையும் சனிக்கிழமைக் கூட்டத்தின் வழியாகத்தான் பார்ப்பார்.

"என்னம்மா, மடலைக் காணோம்?"

சொன்னாள்.

"சரி. மாத்தி ஒண்ணு போட்டுருவோம். ஆனா நாமளே தப்பு பண்ணிட்டோம்னு எங்கயும் எழுத வேண்டாம். மனுக் கொடுக்கிற நேரம். ஒரு பொம்பளையப் பாதுகாக்கத் தெரியாதவங்களுக்கு விடுதி எதுக்குன்னு கேப்பான்."

"கேட்டா கேக்கட்டும் சார். நான் இப்போ உடன்குடி போறேன்."

"போ, போ. பத்திரம்."

முள்ளக்காடு தாண்டியதும் இரு பக்கமும் உப்பளம். வெள்ளைக் குவியல்கள் மீது பங்குனி வெயில் எரிந்தது. பழையகாயல், முக்காணிப் பாலம், ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால். அவளுடைய வண்டி எவ்வளவு முறுக்கினாலும் ஒரு வேகத்துக்கு மேல் அழத்தான் செய்யும். போகிற போக்கிலேயே திட்டம் போட்டாள். மெட்டில்டாவையும் மகளையும் இன்றே மதுரைக்கு அனுப்ப வேண்டும். மதுரையில் தெரிந்த காப்பகம் இருக்கிறது. இருட்டுவதற்குள் இருவரும் பஸ்ஸில் ஏறியிருக்க வேண்டும். வழியில் வண்டியை நிறுத்திப் போன் செய்தாள். திருச்செந்தூர் ஊருக்குள் நுழையும்போது மதுரைக் காப்பகத்தில் இடம் உறுதியாகிவிட்டது.

வன்னியபெருமாள் அண்ணாச்சியின் கருப்பட்டிக் கிட்டங்கி உடன்குடி கடைவீதியின் பின்புறம். முன்னால் ஒரு சின்னக் கடை, பின்னால் ஓலைப்பெட்டிகள் கூரைவரை அடுக்கிய நீளமான கொட்டகை. உள்ளே போனதும் இனிப்பும் புகையும் கலந்த மணம் மூக்கில் ஏறும்.

"வாங்க மேடம்," என்றார் அண்ணாச்சி கல்லாவிலிருந்தபடி. "நம்ம மெட்டில்டாவைத்தான பாக்க வந்திய? பேப்பர்ல வந்துட்டான்னு காலைலேருந்து ஒரே பேச்சு. கடைப் பேரையும் சேத்துப் போட்டிருந்தா யாவாரத்துக்கு ஆயிருக்கும்."

சண்முகப்ரியா கல்லாவை நெருங்கினாள். "உங்களுக்கும் வந்துருச்சா அண்ணாச்சி?"

"எம் மருமவ அனுப்புனா. நாங்க ஸ்டெல்லா, ஸ்டெல்லான்னு கூப்பிட்டுக் கேலி பண்ணிக்கிட்டிருக்கோம்."

கொட்டகையில் பெட்டிகளுக்கு நடுவே மெட்டில்டா உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கறுத்து மெலிந்த உடம்பு. ஊசி ஓலைக்குள் நுழைந்து நுழைந்து வெளியே வந்தது. இடது மணிக்கட்டு சற்றுக் கோணலாக இருக்கும். அது பெனிஸ்டன் ஒடித்த கை. அந்தக் கையோடு ஏழு வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உதவி மையத்தின் படியேறியவள். பிள்ளை சுஜிதா இப்போது இங்கேதான் பள்ளிக்கூடம் போகிறாள்.

சண்முகப்ரியா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். மழுப்பவில்லை. பெனிஸ்டன் மாலையில் கரை வருவதையும், மதுரையில் இடம் இருப்பதையும் சேர்த்துச் சொல்லி முடித்தாள்.

"தப்பு என்னுது. நீங்க எங்கிட்ட எழுதச் சம்மதம் சொன்னீங்க. ஆனா எழுதினதை நான் உங்களுக்கு வாசிச்சுக் காட்டியிருக்கணும். காட்டல."

"காட்டியிருந்தா அந்த ஊசிய எடுத்துருங்கன்னு சொல்லிருப்பேன்," என்றாள் மெட்டில்டா. கோபம் இல்லாத குரல். அதுதான் கூடுதலாகச் சுட்டது. "நான் ஆபீஸ் ரிப்போட்டுன்னு நெனச்சேன்."

"கிளம்புவோம். சுஜிதாவ ஸ்கூல்ல போயி நான் கூப்பிட்டுக்கிறேன்."

மெட்டில்டா தையலை நிறுத்தவில்லை.

"மொதல்ல நாகர்கோவில்ல இருந்தேன். அவன் சித்தப்பன் மவன் கண்டுட்டான்னு ராத்திரியோட ராத்திரியா சங்கரன்கோவில். அங்கன பிள்ளைக்கு ஒரு வருசம் படிப்பு போச்சு. பொறவு இங்கன. இப்போ மதுரை. பொறவு?" நூலைப் பல்லால் கடித்தாள். "நாளைக்கு அவளுக்குக் கணக்குப் பரீட்சை மேடம். கணக்குல மட்டுந்தான் மக்கு. இப்பதான் தேறி வாரா."

"உயிரு முக்கியமில்லையா மெட்டில்டா?"

"முக்கியந்தான். அதான் கேக்கேன். அவன் வந்துருவாம்னு ஓடிக்கிட்டே இருந்தா உசுரு எப்ப வரும்?"

பக்கத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த சுடலைமாடத்தி என்ற பெண் வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாதவள். "ஏளா, அவன் வரட்டும். சூடான பாகு ஒரு சட்டி உள்ள கெடக்கு. ஊத்திவிட்டுருவோம்," என்றாள்.

"நீ சும்மா இரு மாடத்தி. பொறவு கேஸு எம்மேல வரும்," என்றாள் மெட்டில்டா.

கேஸ்.

சண்முகப்ரியாவுக்கு அந்தச் சொல் பொறி தட்டியதுபோல் பட்டது. குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம் என்று ஆரம்பத்திலேயே அவள் சொன்னதுண்டு. மெட்டில்டா அப்போது மறுத்தாள். அந்த மறுப்புக்கு ஒரே காரணம்தான். மனுவில் விலாசம் எழுத வேண்டும். மனுவின் நகல் கணவனுக்குப் போகும். விலாசம் தெரிந்தால் வந்துவிடுவான்.

"மெட்டில்டா," என்றாள் மெதுவாக. "நாம கேஸ் போடாததுக்குக் காரணம் விலாசந்தானே?"

"ஆமா."

"அது இப்போ தெரிஞ்சு போச்சு."

ஊசி நின்றது. மெட்டில்டா முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் பயம் இருந்தது. பயத்துக்குப் பின்னால் வேறொன்றும் மெல்லத் தலைகாட்டியது.

"போட்டா என்ன ஆகும்?"

"நூறு மீட்டருக்குள்ள வரக் கூடாதுன்னு கோர்ட் சொல்லலாம். ஸ்கூல் பக்கம் போகக் கூடாதுன்னும் கேக்கலாம். மீறி வந்தா கைது பண்ணலாம். உத்தரவு வர நாளாகும். அதுவரைக்கும் போலீஸ் புகார் கொடுத்து வைக்கணும். ஆபத்தே இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். மதுரை வேணும்னா அதுவும் தயாரா இருக்கு. முடிவு உங்களுது."

மெட்டில்டா ஊசியைப் புடவையில் செருகினாள். "எழுதுங்க. எங்கன கையெழுத்துப் போடணும்?"

திருச்செந்தூர் மகளிர் காவல் நிலையத்தின் எஸ்.ஐ. முத்துச்செல்வி சண்முகப்ரியாவோடு பயிற்சி முகாம்களில் பழகியவர். விஷயத்தைக் கேட்டதும் "நிலையத்துக்குக் கூட்டிட்டு வராதீங்க, வழியில பஸ் ஸ்டாண்டு, யாரு கண்ணுலயாவது படும். நான் அங்க வாரேன்" என்றார். வந்தார். சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்து வாக்குமூலம் எழுதத் தொடங்கினார். அண்ணாச்சி கருப்பட்டிக் காப்பி வரவழைத்தார். கேலி பேசியதற்காக அவர் மூஞ்சி இன்னும் சரியாகவில்லை. "எனக்கு வெவரம் தெரியாது தாயி," என்று மெட்டில்டாவிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

திட்டம் எளிமையானது. போட்டின் சம்மாட்டி, அதாவது முதலாளி, கிளாட்வினுக்கு மாமா முறை. பெனிஸ்டன் தருவைகுளத்தில் இறங்கியதும் சம்மாட்டியே அவனை உட்கார வைத்துப் பேசுவார். அங்குள்ள போலீசிடம் முத்துச்செல்வி சொல்லிவிட்டார். விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். கிளாட்வின் கரையில் நிற்கிறான்.

போன் அடித்தது. கிளாட்வின்.

"அக்கா, போட்டு இங்க வரல."

"என்ன?"

"நல்ல வெலை கெடைக்கும்னு மத்தியானமே தூத்துக்குடி துறைமுகத்துல மீனை எறக்கிட்டானுவ. சம்மாட்டிக்கே இப்பத்தான் தெரியும். கூட வேலை பாத்த பெவின்ட்ட பேசினேன். கடல்ல கெடக்கும்போதே பக்கத்துப் போட்டுக்காரன் ஒருத்தன் வயர்லெஸ்ல சொல்லிருக்கான், 'ஒம் பொண்டாட்டி உடன்குடியில கருப்பட்டி விக்கா'ன்னு. பெனிஸ்டன் மீன் எடை போடக்கூட நிக்கலையாம். பெவின் பைக்கை வாங்கிட்டுப் போயிட்டான்."

"எப்போ?"

"நேரமாச்சு. நீங்க உள்ள இருங்க. நான் பின்னாலயே வாரேன்."

சொல்லி முடிக்கவில்லை. கடை வாசலில் ஒரு பைக் நின்றது.

இறங்கியவன் நல்ல உயரம். சட்டையில் மீன் செதில்கள் காய்ந்து மின்னின. கடலில் பல நாள் தூங்காத கண்கள். கல்லாவின் முன் வந்து நின்றான்.

வன்னியபெருமாள் அண்ணாச்சி அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எந்த வாடிக்கையாளரையும் கேட்பதுபோல் கேட்டார். "வாங்க தம்பி. பழசா, புதுசா?"

"என்னது?"

"கருப்பட்டி. பழசுன்னா மருந்துக்கு. புதுசுன்னா காப்பிக்கு."

"மெட்டில்டா எங்க?"

"அந்தப் பேருல எங்கிட்டச் சரக்கு இல்லையே."

"வெளையாடாதீரும். எம் பொண்டாட்டி இங்கன இருக்கா. நான் பிள்ளையக் கூட்டிட்டுப் போவ வந்திருக்கேன்."

உள்ளே, பெட்டி அடுக்குக்குப் பின்னால், எஸ்.ஐ. பேனாவை மூடினார். சண்முகப்ரியா எழுந்து கதவை மறித்து நின்றாள். மெட்டில்டாவும் எழுந்தாள். அவள் வெளியே போகப் பார்க்கிறாள் என்பது புரிந்ததும் சண்முகப்ரியாவின் கை தானாக நீண்டு அவள் தோளைப் பிடித்தது. வேண்டாம் என்று தலையசைத்தாள்.

மெட்டில்டா அந்தக் கையைப் பார்த்தாள். காத்திருந்தாள்.

காலையிலிருந்து இந்தப் பெண்ணைக் கேட்காமல் தான் செய்த காரியம் ஒன்று, செய்யப் பார்த்த காரியம் ஒன்று. மூன்றாவது வேண்டாம். சண்முகப்ரியா கையை எடுத்தாள். கதவை விட்டு விலகினாள். ஆனால் ஓரடி பின்னால் கூடவே நடந்தாள்.

பெனிஸ்டன் மெட்டில்டாவைக் கண்டதும் தடுமாறினான். இத்தனை நாள் தேடியவள் தானாக நடந்து வந்து நிற்பாள் என்று எதிர்பார்க்கவில்லை.

"ஏளா, நீ இங்கதான் இருக்கியா? ஊரெல்லாம் என்னைக் கேக்கான். ஏறு வண்டில."

"ஏற மாட்டேன்."

"என்னது?"

"ஏற மாட்டேன்னு சொல்லுதேன். காது கேக்கலையா, இஞ்சின் சத்தம் இன்னும் காதுல கெடக்கா?"

பின்னால் சுடலைமாடத்தி களுக்கென்று சிரித்தாள். பெனிஸ்டனின் கை உயர்ந்தது. மெட்டில்டா பின்வாங்கவில்லை.

"அடி. போன தடவ சாட்சி இல்ல," என்றாள் மெட்டில்டா.

கை அந்தரத்தில் நின்றது. அவன் அப்போதுதான் சுற்றிலும் பார்த்தான். பெட்டி அடுக்கும் பெண்கள் எல்லோரும் வாசலில் நின்றார்கள். தெருவில் எதிர்க்கடைக்காரர் எழுந்து நின்றார். அண்ணாச்சி கல்லாவை விட்டு இறங்கியிருந்தார். எல்லோருக்கும் பின்னாலிருந்து, கையில் காப்பி டம்ளரோடு, காக்கிச் சீருடையில் முத்துச்செல்வி வந்தார்.

"கையை இறக்குங்க பெனிஸ்டன்," என்றார், சத்தம் உயர்த்தாமல். "உங்களைத் தேடி நாங்க தருவைகுளத்துக்கு ஆள் அனுப்பினோம். நீங்களே வந்துட்டீங்க. டீசல் மிச்சம்."

கை இறங்கியது.

"நான் பிள்ளையப் பாக்கத்தான் வந்தேன்," என்றான். குரல் உடைந்திருந்தது. அது நடிப்பா, நிஜமா என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருவேளை அவனுக்கும் தெரிந்திருக்காது.

"பாக்கணும்னா கோர்ட்டுல கேளு," என்றாள் மெட்டில்டா. "நான் எங்கன இருக்கேம்னு மனுவுல எழுதிக் கொடுத்துட்டேன். ஒளிச்சு வைக்கல. நோட்டீஸ் வரும். படிச்சுப் பாரு."

ஜீப் அவனை ஏற்றிக்கொண்டு போனது. கூட்டம் கலைந்தது. மெட்டில்டா உள்ளே போய்ச் சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்து, முகத்தை முந்தானையில் புதைத்து, வெகுநேரம் அழுதாள். சண்முகப்ரியா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பள்ளிவிட்டு வந்த சுஜிதா, "ஏன் இவ்வளவு கூட்டம், கருப்பட்டி ஓசியாக் கொடுக்காங்களா?" என்று கேட்டபோதுதான் அழுகை சிரிப்பாக மாறியது.

சனிக்கிழமைக் கூட்டத்தில், மெட்டில்டாவிடம் கேட்டுக்கொண்டு, பெயரும் ஊரும் சொல்லாமல், சண்முகப்ரியா மேடையேறி நடந்ததைச் சொன்னாள். பவுல் சார் முன்வரிசையில் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் முடித்ததும் கோவில்பட்டியிலிருந்து வந்திருந்த ஓர் ஆலோசகர் எழுந்து, "போன வருசம் எங்க வேலை அறிக்கையில நானும் இதேதான் பண்ணேன். யாருக்கும் தெரியாமப் போச்சு, அவ்வளவுதான்" என்றார். இன்னொருவர் எழுந்தார். இன்னொருவர். பேச்சு தேநீர் இடைவேளையையும் தின்றுவிட்டது. கடைசியில் ஒரு தீர்மானம் வந்தது. யாருடைய கதையையும் அவருக்கு வாசித்துக் காட்டாமல் வெளியிடக் கூடாது. பெயரை மாற்றினால் போதாது. அவருடைய ஊர்க்காரர் ஒருவரின் கண்ணால் படித்துப் பார்க்க வேண்டும். அதைக் கிளாட்வின் முன்மொழிந்தான். "எங்கம்மாவை வேணும்னா மன்றத்துல சேத்துக்கோங்க," என்றும் சேர்த்துக்கொண்டான்.

மனுவை வாங்கி, நடந்ததையும் கேட்டுக்கொண்ட அதிகாரி பவுல் சார் பயந்த கேள்வியைக் கேட்கவில்லை. வேறொன்றைக் கேட்டார். "அன்னிக்கு அந்தப் பெண் மதுரை போக மறுத்தாங்களே, பக்கத்துலயே விடுதி இருந்திருந்தா?"

"ஒரு ராத்திரி தங்கிட்டு மறுநாள் மகளைப் பரீட்சைக்கு அனுப்பியிருப்பாங்க," என்றாள் சண்முகப்ரியா.

அவர் மனுவின் ஓரத்தில் ஏதோ எழுதினார். இடம் பார்த்து அறிக்கை தரும்படி கீழே அனுப்பியிருப்பதாகப் பிறகு தகவல் வந்தது. விடுதி வந்துவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் இதுவரை எந்த மனுவும் மேசையை விட்டு நகர்ந்ததில்லை.

இடைக்கால உத்தரவு கிடைத்த வாரம் சண்முகப்ரியா மறுபடி உடன்குடிக்குப் போனாள். அடுத்த மடலுக்கு எழுதியதைக் கையோடு கொண்டுபோயிருந்தாள். மெட்டில்டாவின் சம்மதம் இருந்தால் போடலாம், இல்லாவிட்டால் கிழித்துவிடலாம்.

மெட்டில்டா முழுவதும் கேட்டாள். கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"நல்லாத்தான் எழுதுதீய. ஆனா எங்கதை வேண்டாம் மேடம். சுஜிதா பெரியவளானா அவ படிக்கட்டும், அப்பம் பாப்போம்."

"சரி. போடல."

"அந்த எடத்துல வேற ஒண்ணு போடுங்க. நான் கோர்ட்டுக்குப் போன அன்னிக்கு எந்த பஸ்ல ஏறணும், எங்க எறங்கணும், உள்ள போயி யாரைக் கேக்கணும்னு ஒண்ணுந் தெரியாம முழிச்சேன். வெளிய நின்ன வக்கீலு ஒருத்தன் எங்கையிலிருந்த காயிதத்தப் புடுங்கப் பாத்தான். அதைத் தெளிவா எழுதிப் போடுங்க. மனு கொடுக்கக் காசு வேண்டாம்னும் போடுங்க. அது நெறைய பேருக்குத் தெரியாது."

சண்முகப்ரியா பேனாவை எடுத்தாள். "சரி, சொல்லுங்க. இங்கிருந்து எந்த பஸ்?"

"இங்கிருந்து இல்ல, மேடம். பெரியதாழையிலிருந்து ஆரம்பிங்க. அங்கன உள்ளவளுக்குத்தான் ரொம்பத் தூரம்."